முதல் நாளே புறப்பட்ட பை

ஞாயிற்றுக்கிழமை காலை பரமேஸ் அக்கா எனக்கு ரெலிபோன் எடுத்தார். அடுத்த வீட்டுக்காரர், வேலிக்கு மேலால் கூப்பிட்டாலே எனக்குக் கேட்கும். அன்று அவர் குரல் ரெலிபோனில்தான் வந்தது. பரமட்டா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "பிள்ளை, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்." ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசல் நடையில் அவர் கணவர் அருளையா அண்ணையின் மண்ணிறப் பை. திங்கட்கிழமை கன்பராவில் நாடாளுமன்றத்துக்குப் போவதற்காகச் சனிக்கிழமை மாலையே அவர் கொண்டுவந்து வைத்தது.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். போகும் நாளில் நேரம் சரியில்லை என்றால், முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் பயணப் பையை அடுத்த வீட்டில் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அண்ணைக்கு இதில் நம்பிக்கை கிடையாது. அக்காவுக்கு இதைவிட்டால் வேறு தைரியம் கிடையாது.

செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்க வந்த யாழ்ப்பாணத்தவர் நாடாளுமன்ற உறுப்பினரானார் என்று பத்திரிகைகள் ஒரு வரியில் எழுதிவிட்டன. ஒரு வரியா? அவர் தேர்தலில் நின்றபோது, வெள்ளையரை மட்டும் சேர்த்த குடிவரவுக் கொள்கை கைவிடப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தொழிற்சங்கம் அவரை வேட்பாளராக நிறுத்தியதும் எங்கள் ஆட்களே "இவருக்கேன் இந்த வேலை" என்றார்கள். வீட்டு யன்னலுக்குக் கல் வந்தது. அன்றிலிருந்து வெளியே கார்க்கதவு சாத்தினாலும் அக்கா எழுந்து நிற்பார்.

வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, நண்பகலோடு சரி. வியாழன் மாலையே பை என் வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்குள் ஒரு சட்டைதான் இருக்கிறது என்று அண்ணை நினைத்திருந்தார். அக்காவோ, நல்ல நேரத்தில் புறப்பட வேண்டியது மனுத்தானே என்று, கோப்பிலிருந்து அதை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டார். மறுநாள் பதற்றத்தில் அதைச் சொல்லவும் மறந்துவிட்டார். பரமட்டா தேர்தல் அலுவலகத்தில் அண்ணை கோப்பைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற அக்காவுக்கு அப்போதுதான் பை ஞாபகம் வந்தது.

என் வீடு பூட்டிக் கிடந்தது. நான் தொழிற்சாலையில். ஃபோர்மன் வந்து கூப்பிட்டார்; ரெலிபோனில் அண்ணை. "தங்கச்சி, பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வா. பன்னிரண்டுக்குக் கதவைப் பூட்டிடுவாங்கள்."

வழியெல்லாம் சிவப்பு விளக்கு. ஒரு விளக்குக்குத் தேவாரம், அடுத்ததற்குத் திட்டு என்று ஓட்டினேன். அலுவலர் ஒரு கண்ணால் மணிக்கூட்டைப் பார்த்தபடிதான் மனுவை வாங்கினார். வெளியே வந்ததும் அக்கா அழத் தொடங்கினார். "ராகுகாலத்திலை குடுத்திட்டம். இவருக்கு என்ன வரப்போகுதோ!"

அண்ணை வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "பரமேஸ், பை நேற்றே வெளிக்கிட்டிட்டுது. நாங்கள்தான் பிந்தி வந்தனாங்கள்."

அவர் வென்றார். அக்காவின் பயம் மட்டும் தோற்கவில்லை. ஒவ்வொரு கன்பராப் பயணத்துக்கும் பை எங்கள் வீட்டுக்கு வந்தது. "மந்திரிமாருக்குத் தெரிஞ்சால் சிரிப்பாங்கள்" என்று கேலி செய்வேன். "சிரிக்கட்டும், இவள் நித்திரை கொள்ளட்டும்" என்பார் அண்ணை.

ஒருமுறை பார்வையாளர் பகுதியிலிருந்து அவர் பேச்சைக் கேட்டேன். பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் தாய்மாரைப் பற்றிப் பேசினார். குரல் நேராக இருந்தது. விரல்கள் மேசையில் நடுங்கின. பிறகு, "இன்னும் பயமோ அண்ணை?" என்றேன். "பயமில்லாதவன் அங்கை என்னத்தைப் பேசப்போறான்? நான் பிழைவிட்டால் எனக்குப் பின்னாலை வாறவனுக்கெல்லோ கதவைப் பூட்டுவாங்கள்." உங்களில் பலர் அவருடைய துணிச்சலைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் கண்டது அந்த விரல்களை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அக்கா என் வீட்டுக்கு வந்தார். பைக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்தார். எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டார். "அண்டைக்கு மனுவை ராகுகாலத்திலை குடுத்ததாலைதானோ, பிள்ளை?"

அண்ணை அன்று சொன்னதையே சொன்னேன். "இல்லை அக்கா. பை முதல் நாளே வெளிக்கிட்டிட்டுது."

அக்கா பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தமுறையும் நேரம் பாத்துத்தான் குடுத்துவிட்டனான்."

"ஓம் அக்கா."

வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"இங்கையே இருக்கட்டும். திருப்பி எடுத்தால் அவரின்ரை பயணம் முறிஞ்சுபோம்."

அண்ணையில் எனக்கு மிஞ்சியது வாசல் நடையில் இருக்கும் அந்தப் பைதான். வேலைக்குப் போகும்போது கால் தட்டாமல், அதைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.