திருச்செந்தூர் போன அம்மா

சென்னையில் யார் யாருடைய டிவி தொடர்களுக்கோ வசனம் எழுதி அலுத்துப்போய், சொந்தமாக ஒன்று எடுக்கலாம் என்று ஊருக்கு வந்தேன். எழுத்தும் நான், தயாரிப்பும் நான். சீவலப்பேரியில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வீடு பிடித்துப் படப்பிடிப்பு நடத்தினோம். என் ஆயுசுக்கும் அந்த ஒரு கதை போதும் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவாக நடித்தவர் திடீரென்று வேறு தொடருக்குப் போய்விட்டார். எங்கள் தொழிலில் இதற்கு வைத்தியம் சுலபம். புது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி, திரையின் அடியில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது. என் கதையின் அம்மாவை அப்படி மாற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. வீம்புதான், இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். அம்மா திருச்செந்தூர் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று எழுதிவிட்டு, நடிகை மனம் மாறி வருவார் என்று காத்திருந்தேன்.

வாரங்கள் ஓடின. கதையில் பிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொடரைப் பார்ப்பவர்கள்தான் குறைந்துகொண்டே போனார்கள். பாளையங்கோட்டையில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்காரர் ஒருநாள் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கினார்.

“அண்ணாச்சி, காலையில பஸ் ஏறினா திருச்செந்தூர்ல சாமி கும்பிட்டுட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம். உங்க கதையில உள்ள அம்மை இன்னும் அங்கன என்னதான் செய்யுதா?”

சிரித்து மழுப்பினேன். சேனல்காரர்கள் சிரிக்கவில்லை. கதையின் உரிமை அவர்களிடம் இருந்தது. தொடரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டதாகவும், எழுத வேறு ஆள் வந்தாயிற்று என்றும் போனில் சொன்னார்கள்.

புதியவர்கள் எடுத்த முதல் பகுதியை நானும் மனைவியும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். புது நடிகை கையில் பிரசாதப் பையோடு வாசலில் வந்து நின்றார். கீழே அந்த வரி வந்தது. கடைசியில் எழுத்து, தயாரிப்பு என்று வேறு யாருடைய பெயர்களோ ஓடின.

“அந்தம்மாவுக்காவது ஒரு வரி போட்டாவ. உங்களுக்கு அதுகூட இல்லியே” என்றாள் மனைவி.

நான் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மறுநாள் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகக் கிளாஸை நீட்டினார். பெயர்கள் ஓடும்போது யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்!

“அம்மை வந்துட்டா போலயே, அண்ணாச்சி. இப்பம்தான் நல்லா எழுதுதீய. இப்படியே எழுதுங்க.”

“சரி” என்றேன்.