பால் போகும் இடம்

பீங்கானில் செய்த நாற்பது கைகள் ஒரே பலகையில் தலைகீழாகத் தொங்குவதை முதன்முதலில் பார்த்தபோது, "ஐயோ மாதாவே!" என்று கத்திவிட்டேன். வெட்கக்கேடுதான். வேலை கேட்டு வந்தவள் வாசலிலேயே அலறினால் எந்த முதலாளி வேலை கொடுப்பார்? அவர் சிரித்தார். "பயப்படாத தங்கச்சி, கடிக்காது லா," என்றபடி கயிற்றைத் தளர்த்தினார். பலகை மெல்ல இறங்கியது. நாற்பது கைகளும் மணிக்கட்டுக்கு மேல்வரை தொட்டிப் பாலில் முங்கின. அவர் மனசுக்குள் எதையோ எண்ணிக்கொண்டு நின்றார். திரும்ப இழுத்தபோது ஒவ்வொரு கைமேலும் ஈரமாக, மினுமினுவென்று ஒரு தோல் இருந்தது.

ரப்பர் பால்தான் அது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த பால். அம்மா பால்மரம் வெட்டுகிறவள். எங்கள் வீட்டுத் துணியில், தலையணையில், சோற்றுத் தட்டில்கூட அதன் வாடை இருக்கும். மரத்திலிருந்து மங்குக் கிண்ணத்துக்கு, மங்கிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து பால் ஸ்டோருக்கு, அங்கிருந்து லாரிக்கு. லாரி பெரிய தார்ச் சடக்கில் திரும்பிவிட்டால் எங்களைப் பொறுத்தவரை பால் கதை முடிந்தது. அப்புறம் அது என்ன ஆகிறது என்று தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் டயர் என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பால் அன்றைக்கு என் கண்ணெதிரே ஐந்து விரலோடு எழுந்து வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பூசையில் சாமியார் தேவநற்கருணையை உயர்த்தும் நேரம் தவிர வேறெதற்கும் நான் அப்படி நின்றதில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. எங்கள் தோட்டம் புக்கிட் செலம்பாவ் பக்கம். நான் வேலை பார்த்த கொட்டகை சுங்கைப் பட்டாணிக்கு வெளியே, முன்பு நெல் ஆலையாக இருந்த இடம். வெளிநாட்டில் ஏதோ புது நோய் பரவுகிறதாம், டாக்டர்களெல்லாம் கையுறை கேட்கிறார்களாம் என்று ஊரெங்கும் பேச்சு. எங்கள் முதலாளி, நான் அண்ணே என்று கூப்பிட்டவர், வேறொரு தோட்டத்தில் பால் சோதிக்கிற வேலையில் இருந்தவர். அந்தத் தோட்டம் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டதும் வேலை போயிற்று. கையில் வந்த பணத்தை எல்லாம் போட்டு இந்தக் கைகளை வாங்கிவிட்டார். வீட்டுக்காரி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனதாகக் கேள்வி. வேலைக்கு நாங்கள் மூன்று பெண்கள். கையுறை காயவைக்கும் அடுப்பைச் சீன மெக்கானிக் ஒருவர் கட்டிக் கொடுத்தார். அது ஒரு நாள் எரியும், ஒரு நாள் புகையும்.

சம்பளமா? கேட்காதீர்கள். பிறையில் இருக்கும் மின்னணுத் தொழிற்சாலைகளில் கொடுத்ததில் பாதிகூட வராது. அங்கே போன எங்கள் தோட்டத்துப் பெண்கள் நீலச் சட்டையும் ஏசிக் குளிரும் காண்டீன் மீ கோரெங் சாப்பாடுமாக இருந்தார்கள். தோட்ட முச்சந்திக்கே பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். நான் மட்டும் ரெண்டு பஸ் மாறி, அமோனியா நெடியில் கண் எரிந்து, உடம்பெல்லாம் கையுறைக்குத் தூவும் சோளமாவோடு வீடு திரும்புவேன். "பேய் மாதிரி வர்றா பாரு," என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனாலும் காலையில் எழுந்தால் என் கால் அந்தக் கொட்டகைக்குத்தான் போகும். பலகை மேலே எழும் அந்த ஒரு நொடி, அது எனக்குத் தினமும் வேண்டியிருந்தது. இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் சிரிப்பார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அம்மாவின் கண் மங்கியது. புரை. விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் வெட்டும்போது கத்தி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கிவிடும். மரத்தில் காயம் என்று தோட்ட ஆபீஸ் கிராணி இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். மூன்றாவது முறை ஊரே பார்க்க, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வைத்துத் திட்டினார். அம்மா வீட்டுக்கு வந்து, "இந்த மாசத்தோட நின்னுக்கிறேன். மானத்தோட போவோம்," என்றாள்.

நின்றுகொள்வது என்றால் வேலையை மட்டும் விடுவது அல்ல. லயத்து வீடு தோட்டத்து வீடு. வேலை செய்கிற ஆள் இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அப்பா செத்து ஒன்பது வருஷம். வீட்டில் நானும் அம்மாவும்தான். பட்டணத்தில் வாடகைக்கு ஒரு அறை பிடித்து, அம்மா கண்ணுக்கும் பார்த்து, ரெண்டு பேர் பசியாற என் கொட்டகைச் சம்பளம் எந்த மூலைக்கு? நான் பிறைக்கு மனுப் போட்டேன். ரெண்டே வாரத்தில் கடிதம் வந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் திங்கள் வேலைக்கு வரச் சொல்லி.

அண்ணனிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது. "ஆறு மாசம் பொறு தங்கச்சி. ரெண்டாவது அடுப்பு வந்துட்டா சம்பளத்த ஏத்திடறேன். சத்தியமா," என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா, "ஆறு மாசத்துக்கு வீட்டு வாடகைய அவரோட பீங்கான் கையா எடுத்துக் கொடுக்கும்?" என்றாள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. ஏனென்றால் அவள் சொன்னது சரி.

அந்த வாரத்தில்தான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன்.

தோட்டத்தில் வளர்ந்தவளுக்குப் பால் கொட்டினால் வயிறு எரியும். மங்கில் ஒட்டியிருக்கும் கடைசிச் சொட்டை விரலால் வழித்து வாளியில் விடுவோம். மரத்தில் காய்ந்துபோன ஒட்டுப்பாலைக்கூட உரித்து மூட்டையில் சேர்ப்போம். சின்ன வயதில் ஒரு தரம் நான் மங்கைத் தட்டிவிட்டதற்கு அம்மா விட்ட அறை இன்னும் கன்னத்தில் இருக்கிறது. ஆனால் கொட்டகையில் அண்ணன், பால் வரும் டிரம்மின் அடியில் ஒரு சாண் பாலை அப்படியே விட்டுவிடச் சொல்வார். "அது மண்டி. தொட்டிக்குப் போகக்கூடாது," என்பார். எனக்கு அது மனசே ஆறாது. நல்ல பால், வெள்ளை வெளேரென்று கிடக்கும். இவருக்கு எங்கே தெரியப் போகிறது ஒரு வாளிப் பாலின் அருமை என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன். அவர் பினாங்குக்குப் போன ஒரு நாள், சிரட்டையை எடுத்தேன். நாலு டிரம்மின் அடியையும் சுத்தமாக வழித்துத் தொட்டியில் ஊற்றினேன். புண்ணியம் செய்தவள் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் தண்ணீர்ச் சோதனை. கையுறைக்குள் தண்ணீரை ஊற்றிக் கொடியில் மாட்டுவோம். ஓட்டை இருந்தால் சொட்டும். அன்றைக்கு முதல் கையுறை சொட்டியது. இரண்டாவது சொட்டியது. கொடி முழுக்கச் சொட்டியது. விரல் நுனியில், உள்ளங்கையில், கண்ணுக்கே தெரியாத ஓட்டைகள். ஒரு நாள் முழுக்க முக்கியெடுத்த எல்லாமே பாழ். பினாங்கில் வாங்குகிற ஆள் வெள்ளிக்கிழமை வரப் போகிறார்.

மற்ற இரண்டு பெண்களும் என்னையே பார்த்தார்கள். நான் சிரட்டையைக் கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தேன். "நான்தாண்ணே வழிச்சேன்," என்றேன்.

அவர் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தார். சிரட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "தோட்டத்துப் புள்ளைன்னு காட்டிட்ட பாரு," என்றார். "நானும் மொத மாசம் இதத்தான் செஞ்சேன். வழிக்காம இருக்கக் கை கேக்கல." அவ்வளவுதான். தொட்டியைக் காலிசெய்து, மெல்லிய துணியில் பாலை மூன்று முறை வடிகட்டி, வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் புதிதாக முக்கினோம். திட்டியிருந்தால் நிம்மதியாகப் பிறைக்குப் போயிருப்பேன். திட்டாமல் விட்டாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மாதத்தின் கடைசி நாள், ஞாயிறு, பட்டணத்துக் கோயிலில் பூசை முடிந்ததும் அம்மா, "வா, உங்க முதலாளியப் பாத்துட்டுப் போவோம்," என்றாள். "நீ வாய தொறக்க மாட்ட. நானே சொல்லிட்டு வந்துடறேன், எம் மக நாளையிலேருந்து வரமாட்டான்னு." பூசைக்குக் கட்டிய சேலையோடு, கையில் செபமாலையோடு கொட்டகைக்கு நடந்தாள். அன்றைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, "வாங்கக்கா," என்று நாற்காலி தேடினார். இருந்த ஒரே நாற்காலிக்கு மூன்று கால்.

அம்மா உட்காரவில்லை. பலகை அப்போதுதான் பாலிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. சொல்ல வந்தவள் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். கிட்டப் போய், மங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு டிரம்மைக் குனிந்து மோந்தாள்.

"எங்க ஸ்டோர் வாடைதான். இது எங்க தோட்டத்துப் பாலா தம்பி?"

"உங்க லாரி போற ஆலையிலேருந்துதான் டிரம்மு வருதுக்கா. எல்லாத் தோட்டத்துப் பாலும் அங்க ஒண்ணாயிடும். எது யாரு மரத்துப் பாலுன்னு சொல்ல முடியாது."

அவர் முடிந்த கையுறை ஒன்றை எடுத்து மாவு தூவி நீட்டினார். அம்மா தன் வலது கையை நீட்டினாள். உங்களுக்கு அந்தக் கை தெரியாது. கத்தி பிடித்துப் பிடித்து ஆட்காட்டி விரல் வளைந்துபோன கை. நகக்கணுவெல்லாம் பால் கறை ஏறிக் கறுத்த கை. சேலைத் தலைப்பைத் தொட்டால் நூல் பிரியும். "கிழிஞ்சுடும் தம்பி," என்றாள். "கிழியாதுக்கா, இழுங்க." இழுத்தாள். விரல் முட்டிகளில் சிக்கியது. இன்னும் இழுத்தாள். உள்ளே போய்விட்டது. முப்பது வருஷக் கறையும் காய்ப்பும் மறைந்து, வழவழவென்று ஒரு வெள்ளைக் கை அம்மாவின் முழங்கைக்குக் கீழே முளைத்திருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடேயப்பா, என்ன பார்வை அது! நான் முதல்நாள் கத்தியது நினைவுக்கு வந்தது.

"இத யாரு போடுவா?"

"டாக்டருங்கக்கா. பிள்ளப்பேறு பாக்குற மிஸ்ஸிங்க."

"அப்போ பொறக்கற புள்ளைய மொதல்ல தொடறது இதுவா?"

"ஆமாக்கா. இதான்."

 அம்மா கையுறையை மெதுவாகக் கழற்றினாள். திருப்பிக் கொடுப்பாள் என்று பார்த்தால், மடித்துச் செபமாலையோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "வரேன் தம்பி," என்றாள். சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் இரண்டு முறை பேச்சுக் கொடுத்தேன். "சும்மா இரேன்டி," என்றாள்.

நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. கையுறை அழகுக்காக அம்மாவை வீதியில் நிறுத்த முடியுமா? பிறைக்குப் போவது என்று முடிவு கட்டினேன். இருந்ததில் நல்ல சட்டையைத் தேய்த்து வைத்தேன். அழுகை வந்தது, அழுதேன், முகம் கழுவிக்கொண்டேன்.

திங்கள் விடியற்காலை இருவரும் ஒன்றாகத்தான் வீட்டை விட்டு இறங்கினோம். பிறை பஸ் நிற்கும் முச்சந்தி பெரட்டுக் களத்தைத் தாண்டித்தான். அம்மா கிராணியிடம் நின்றுகொள்வதாகச் சொல்ல வேண்டிய நாள் அது. ஆனால் அவள் வெட்டுச் சட்டையைப் போட்டிருந்தாள். நெற்றி விளக்கைக் கட்டியிருந்தாள். கடைசி நாள் மரியாதைக்கு என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

கிராணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவர் மேசைக்குப் போனாள்.

"கிராணியாரே, எம் பேர அடிச்சிடாதீங்க. ஆறு மாசம் வெட்டறேன். மேட்டு நிரை வேணாம், சாய்க்கப்போற கிழட்டு மரமா பாத்துக் குடுங்க. அதுல காயம் பட்டா யாரும் கேக்கப் போறதில்ல."

நான் சடக்கிலிருந்து ஓடினேன். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற நினைப்பே இல்லை. "ஒனக்குக் கண்ணு தெரியாதும்மா! இவரு மறுபடி எல்லார் முன்னாலயும் திட்டுவாரு! பைத்தியமா ஒனக்கு?" என்று கத்தினேன். பின்னால் பிறை பஸ் ஹாரன் அடித்தது.

அம்மா வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் ஏற்றிக்கொண்டாள். விளக்கு என் முகத்தில் அடித்ததால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

"முப்பது வருஷம் பாலு எங்க போகுதுன்னு தெரியாமலே வெட்டிட்டேன்," என்றாள். "தெரிஞ்சுகிட்டு ஒரு ஆறு மாசம் வெட்டிப் பாக்கறேன். நீ போ, ஒன் கொட்டகை பஸ்ஸு வேற சடக்குல வரும்."

மர நிரைக்குள் நடந்துவிட்டாள். பிறை பஸ் இன்னொரு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

தேய்த்த சட்டையோடு நான் கொட்டகைக்குப் போனேன். அண்ணன் பலகைக் கயிற்றை என் பக்கம் நீட்டினார். மத்தியானம் ஒரு டிரம் தீர்ந்தது. அடியில் ஒரு சாண் பால், வெள்ளை வெளேரென்று கிடந்தது. அதைக் கழிவு வாளியில் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. வெகுநேரம் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஊற்றினேன்.