டக் கப்பல் கேஸுக்கு நேர்ந்துவிட்ட கிடா

பிள்ளைகளா, நம் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அது என்னவென்று உங்களிடம் கேட்கிறார்கள். நீங்களும் வாய்க்கு வந்ததைச் சொல்கிறீர்கள். அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

அது உங்கள் தாய்மாமன் கப்பல். தூத்துக்குடியில் ரொம்ப காலம் கப்பல் வேலை பார்த்தவர், பரளச்சிப் பக்கம் இருந்த தன் பங்குக் கரிசல் காட்டை விற்று அதை வாங்கினார். நான் டிராக்டரில் டிரெய்லரை இழுப்பதுபோல, பெரிய கப்பலைக் கரைக்கு இழுத்துவந்து சேர்க்கிற சின்னக் கப்பல். டக் என்பார்கள். ஆழ்துளை போர் போட்டாலும் புழுதிதான் வருகிற ஊரில் ஒருத்தன் காட்டை விற்றுக் கப்பல் வாங்கினால் சும்மா இருப்பார்களா? உங்கள் மாமா ஊருக்கு வரும்போதெல்லாம், "என்ன மாப்ள, கப்பல கம்மாயில விட்டுட்டு வாரீகளா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு கடற்படைத் துறைமுகத்தில் போர்க்கப்பல்களை இழுக்க வாடகைக்கு டக் வேண்டும் என்று டெண்டர் விட்டார்கள். கப்பல் சொந்தமாக இருக்க வேண்டும், கேட்கிற அன்றைக்கே தண்ணீரில் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் மாமாவும் போட்டார். கிடைத்தது இன்னொரு கம்பெனிக்கு. அந்தக் கம்பெனியின் டக் அப்போது கப்பல் கட்டுகிற பட்டறையில் வெறும் இரும்புத் தகடாகக் கிடந்தது.

"மச்சான், கப்பலே இல்லாதவனுக்குக் கப்பல் வாடகை குடுத்திருக்காக" என்றார் உங்கள் மாமா.

"அப்ப நானும் டிராக்டர் இல்லாமலே உழவு ஓட்டலாம் போல மாப்ள" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை இல்லாமல் கட்டிப்போட்ட கப்பலை உப்புத் தண்ணீர் தின்றுவிடும். இந்த வேலை கிடைக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போடுவதைத் தவிர வழியில்லை. காடும் போய்க் கப்பலும் போய் நிற்க வேண்டியதுதான். மதுரைக்குப் போய் ஐகோர்ட்டில் கேஸ் போடுவது என்று முடிவானது.

கோர்ட்டுப் படி ஏறுமுன் குலசாமிக்குக் கிடா நேர்ந்துவிடுவது உங்கள் அம்மா வீட்டு வழக்கம். குட்டியின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டி அவிழ்த்துவிடுவார்கள். அதன்பிறகு அது சாமியின் சொத்து. கட்டிப்போடக் கூடாது, அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. உங்கள் மாமா நம் ஊர்க் கோயில் முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கேஸு ஜெயிச்சா இந்தக் கிடா உனக்கு" என்று சொல்லி அவிழ்த்துவிட்டார்.

கேஸ் மெதுவாக நடந்தது. கிடா வேகமாக வளர்ந்தது. பருத்தி, மல்லி, மக்காச்சோளம் என்று எந்தக் காட்டையும் அது ஒதுக்கவில்லை. அதிகம் பாதிக்கப்பட்டவர் மேலக்காட்டுப் பெரியப்பா. அவருக்கும் டக் கப்பலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் மதுரை போய்த் திரும்பினால் பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்திலேயே நிற்பார்.

"ஏப்பா, ஜட்ஜ் ஐயா என்ன சொன்னாக?"

"தள்ளி வச்சிட்டாக பெரியப்பா."

"கேஸத் தள்ளி வச்சிட்டாக. கிடாயத் தள்ளி வைக்க எந்தக் கோர்ட்டுக்குப்பா போவேன்?"

இப்படி இருக்கையில் உங்கள் மாமாவுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் டெண்டர் எடுத்த கம்பெனியின் மேனேஜர். அவர்களுடைய டக் இன்னும் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. துறைமுகத்தில் நெருக்குகிறார்கள். உங்கள் கப்பலை வாடகைக்குத் தர முடியுமா என்று கேட்டார்.

உங்கள் மாமா நேர்மையானவர். "சார், உங்க மேல கேஸு போட்டிருக்கிறதே நான்தான்" என்றார்.

"தெரியும் சார். கப்பல் எப்ப வரும்?"

கப்பல் போனது. எந்த வேலை நமக்குக் கிடைக்கவில்லை என்று கோர்ட்டில் சொல்லிக்கொண்டிருந்தோமோ, அந்த வேலையை நம் கப்பலே செய்தது. ஒரு போர்க்கப்பலை உங்கள் மாமாவின் டக் தோளால் முட்டித் தள்ளுகிற படம் அப்போது எடுத்ததுதான். சுவரில் இருப்பது அது. அந்த மாதங்களில் அவர் முகத்தில் இருந்த தெளிச்சியை நான் முன்னால் பார்த்ததில்லை.

ஒரு நாள் அவரே சொன்னார்: "மச்சான், கேஸ வாபஸ் வாங்கிருவோமா? ஜெயிச்சா நம்ம கப்பல்தான் திரும்பி வரும்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. ஆனால் பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. "ஜெயிச்சா கிடான்னு சொல்லி விட்டாச்சு. வாபஸ் வாங்குனா அது ஜெயிச்சதும் இல்ல, தோத்ததும் இல்ல. கிடாய நான் வெட்டவா, விடவா?" என்றார். அதற்கு எந்த வக்கீலிடமும் சட்டம் கிடையாது.

சரி, சாமியிடமே கேட்போம் என்று பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் வாபஸ். உங்கள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். அரளி வந்தது.

"சாமிக்குக் கேஸ விட மனசில்ல" என்றார் பூசாரி.

"கிடாய விட மனசில்லன்னு சொல்லு" என்றார் மேலக்காட்டுப் பெரியப்பா. அவர் முகத்தில்தான் அன்றைக்கு நிம்மதி.

கடைசி வாய்தாவில் நீதிபதி கேட்டார்: "இப்போது அந்தத் துறைமுகத்தில் ஓடுகிற டக் யாருடையது?"

எங்கள் வக்கீல் எழுந்து, "மனு போட்டவருடையதுதான் ஐயா" என்றார். கோர்ட்டே சிரித்தது. உங்கள் மாமாவும் நானும் தலையைக் குனிந்துகொண்டோம். கப்பல் இல்லாதவர்களுக்கு டெண்டர் கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? டெண்டர் ரத்து. எங்களுக்குக் கொடுக்கச் சொல்லவும் இல்லை. புதிதாக விடச் சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் அருப்புக்கோட்டையில் பஸ் மாறுவதற்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. வெடி போட்டார்கள். தண்ணீர் இல்லாத கண்மாய்க் கரையில், கப்பல் படம் போட்டு, 'கடலை வென்ற மாப்பிள்ளையே வருக' என்று பேனர் கட்டியிருந்தார்கள். அந்த வாரமே துறைமுகத்திலிருந்து கப்பலைத் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் மாமா அதைத் தூத்துக்குடியில் கட்டிப்போட்டுவிட்டு நேராகக் கிடா வெட்டுக்கு வந்தார்.

ஊரே சாப்பிட்டது. இவ்வளவு கறி விழுந்த கிடா எங்கள் கோயிலில் இதுவரை வெட்டியதில்லை என்று பூசாரி சொன்னார். பருத்தி தின்ற உடம்பு. இலைக்கு இலை, "ஜெயிச்சிட்டீகள்ல மாப்ள" என்று கேட்டவர்களுக்கெல்லாம் உங்கள் மாமா, "ஆமா, ஜெயிச்சாச்சு" என்று பதில் சொல்லிக்கொண்டே குழம்பு ஊற்றினார்.

பந்தி முடிந்ததும் பூசாரி கேட்டார்: "அடுத்த டெண்டர் வருதாமே. என்னப்பா வேண்டிக்கிறீக?"

உங்கள் மாமா குழம்பு வாளியைக் கீழே வைத்தார். "போன தடவ கேஸக் கேட்டேன், குடுத்துட்டாக. இந்தத் தடவ கேஸு கீஸெல்லாம் வேண்டாம். கப்பலுக்கு வேல வேணும். அம்புட்டுத்தான்."

கையில் எலும்போடு இருந்த பெரியப்பா நிமிர்ந்தார். "நல்லா வேண்டிக்கோப்பா. ஆனா கோழியா வேண்டிக்கோ."

நம் வாசலில் மஞ்சள் துணியோடு திரிகிற சேவல் அதுதான். அடுப்படிக்குள் வந்து அரிசியைக் கொத்தினாலும் விரட்டாதீர்கள். டெண்டர் இன்னும் திறக்கவில்லை.