ஈரத்துணி பட்ட வெள்ளிப் படலம்

அடையாற்றில் நான் பணியாற்றிய ஆய்வகத்தில் ஆயுத பூஜையை விடுமுறைக்கு முந்தைய நாளே கொண்டாடிவிடுவோம். நுண்ணோக்கி முதல் குளிர்சாதனப் பெட்டி வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு.

என்னோடு பணிபுரிந்த இளம்பெண் ஒருத்தி, மடித்தாலும் கெடாத கைபேசித் திரைகளுக்கான பூச்சை உருவாக்கிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் தாளின் மீது, தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய வெள்ளி இழைகள். மின்சாரம் பாயும், கண்ணுக்குத் தெரியாது. விடுமுறை முடிந்ததும் மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. பழுதின்றித் தேறியிருந்தது ஒரே ஒரு தாள். அதுவும் தவறினால் அவளுடைய திட்டம் நின்றுவிடும்.

அன்று மதியம் சாப்பிட்டுத் திரும்பியபோது, வளைத்துச் சோதிக்கும் கருவியும் அதில் பொருத்தியிருந்த அந்தத் தாளும் பளிச்சென்றிருந்தன. தாளின் ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு. ஆற்றங்கரையிலிருந்து ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்டு, இரண்டு பஸ் மாறி வேலைக்கு வரும் எங்கள் துப்புரவுப் பணியாளர், பக்கத்தில் பெருமையோடு நின்றார்.

“அக்கா, இதையும் தொடச்சீங்களா?” என்றாள் அவள்.

“பின்ன? பூஜையும் அதுவுமா அழுக்கா வுடுவாங்களா? ஈரத்துணியால நல்லா அழுத்தித் தொடச்சேன். பாரு, கண்ணாடி மாதிரி கீது.”

வெறும் இழைகள் ஒரே துடைப்பில் உரிந்து வந்துவிடும். அவற்றின் மேல் காப்புப் பூச்சு ஒன்று வேண்டுமென்று அவள் பல வாரங்கள் பிடிவாதமாக உழைத்து, இந்தத் தாளில் அதைப் பூசியிருந்தாள். வீண்வேலை என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

அவள் பணியாளரைக் கடிந்துகொள்ளவில்லை. தாளின் இரு முனைகளிலும் கம்பிகளைப் பொருத்தினாள். அதனோடு இணைந்த சிறுவிளக்கு எரிந்தது. தாளை விரலைச் சுற்றி வளைத்தாள். அப்போதும் எரிந்தது.

“இந்தத் துக்குணூண்டு லைட்டுக்கா வருசக்கணக்கா ஒக்காந்துகினு கீறீங்க? எங்கூட்ல சுச்சு போட்டாலே எரியுது” என்றார் பணியாளர்.

பாரம் இறங்கியதில் நான் சிரித்துவிட்டேன். அவளோ குறிப்பேட்டைத் திறந்தாள்.

“அக்கா, அதே துணி, அதே அழுத்தம். இன்னொரு வாட்டி தொடைங்க.”

“இன்னாமா நீ? பொட்டு அழிஞ்சிடும்.”

“பொட்ட விட்டுட்டுத் தொடைங்க.”

அவர் முணுமுணுத்தபடி துடைத்தார். ஒவ்வொரு துடைப்புக்குப் பின்னும் அவள் அளந்து எழுதினாள். விளக்கு மங்கவில்லை.

குழுவினரிடம் அவள் முதலில் விவரித்தது, ஒளிவுமறைவின்றி, அந்தத் துடைப்பைத்தான். திட்டம் தொடர்ந்தது. காப்புப் பூச்சைப் பற்றி நான் சொன்னதை மட்டும் அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.