ஐ.நா.வுக்கு ஒரு நாற்காலி

துறைமுகத்தில் அவரை எல்லோரும் ஐ.நா. என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. உலகத்தில் எந்த மூலையில் எவன் எவனை முறைத்தாலும், மறுநாள் டீ நேரத்துக்குள் அவர் ஒரு தீர்மானம் போட்டுவிடுவார். அதை ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். அவரும் சளைக்காமல் அடுத்த நாள் இன்னொன்று போடுவார்.

வேலை, கிரேன் டிரைவர். கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். பத்து மாடி உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட ஒரு சின்ன கேபின். அதில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கும் நடுவே குனிந்து பார்த்தபடியே ஒரு நாள் பூராவும் போகும். இருபத்தைந்து வருஷக் குனிதலில் கழுத்து கேள்விக்குறி மாதிரி வளைந்துவிட்டது. ஆனால் உலகம் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரிகிறது என்பது அவருடைய கட்சி.

"நீங்க டிவி பாக்குறீங்க, நான் பெட்டி பாக்குறேன்" என்பார். "ரெண்டு நாட்டுத் தலைவருங்களும் மேடையில ஒருத்தரை ஒருத்தர் கிழிகிழின்னு கிழிக்கிறாங்க. அதே ரெண்டு நாட்டுப் பெட்டியும் என் கப்பல்ல ஒண்ணு மேல ஒண்ணு சொகுசா உக்காந்து வருது. சண்டையாம் சண்டை! காலிப் பெட்டி நிறைய ஏறுச்சுன்னா எங்கயோ ஒருத்தன் வரியைக் கூட்டிட்டான்னு அர்த்தம். இதுக்கு எதுக்கு நிபுணர் குழு?"

"போன தடவை ஒரு சண்டை ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சிரும்னு சொன்னீங்களே மாமா?" என்று கேட்பான் அவருடைய மச்சான். மனைவியின் தம்பி. கிரேனுக்குக் கீழே பெட்டி வாங்கும் லாரியை ஓட்டுபவன்.

"எந்த ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேனா?"

தொழில்நுட்பத்தைப் பற்றியும் அவரிடம் கருத்துக்குப் பஞ்சமில்லை. "எதை எடுத்தாலும் கண்ணாடியைத் தொடுன்னு சொல்றான். தொட்டா என்ன மிஞ்சும்? கைரேகை மிஞ்சும்." கேம் ஆடுகிறவர்களைப் பற்றிக் கேட்டால் இன்னும் சுருக்கம்: "ஜெயிச்சா என்ன கிடைக்குது? சூடான போன்."

இந்தக் கடைசிக் கருத்தை வீட்டில் மட்டும் சொல்ல மாட்டார். ஏனென்றால் வீட்டில் கேம் ஆடுவது அவருடைய மனைவி.

அவள் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கேஷியராக இருந்தவள். வாடிக்கையாளர்களே பில் போட்டுக்கொள்ளும் மெஷின்கள் வந்தபிறகு, கூட இருந்தவர்கள் கலைந்துபோக, ஆறு மெஷின்களுக்கு நடுவே இவள் ஒருத்தி மட்டும் நிற்கிறாள். "நான் இப்ப ஆறு மருமகளுக்கு மாமியாருங்க. ஒண்ணு எப்பவும் அழுவும். ஒண்ணு முரண்டு பிடிக்கும். ஒண்ணு, எடுக்காத சாமானை எடுத்ததா சாதிக்கும்" என்பாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி, சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, போனில் முயலைத் திறப்பாள். காற்றில் மிதக்கும் பலகைகளில் தாவித் தாவிப் போகும் ஒரு வெள்ளை முயல். தவறினால் தண்ணீர். அதில் உலக அளவில் எழுபதாயிரத்துச் சொச்சமாவது இடம் அவளுக்கு. அந்தச் சொச்சம் எவ்வளவு என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த அறிவிப்பு வந்தது. இனி கிரேன்களின் மேலே யாரும் ஏற வேண்டாம். வாசல் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு அறை. எட்டு நாற்காலி, எட்டு மேசை, நிறையத் திரைகள். கேமரா வழியாகப் பார்த்து, மேசையிலுள்ள ஜாய்ஸ்டிக் குச்சியைத் திருகிப் பெட்டி தூக்கலாம். இருபதுக்கு மேற்பட்ட டிரைவர்களில் எட்டுப் பேர் மட்டும் போதும். திரையில் வெறும் படமாக ஓடும் ஒரு கம்ப்யூட்டர் கிரேனில் ஒரு வாரம் பயிற்சி, பிறகு அதிலேயே தேர்வு. மதிப்பெண் வரிசையில் முதல் எட்டுப் பேருக்கு நாற்காலி. மற்றவர்கள் கப்பல் தளத்தில் இரும்புக் கம்பி மாட்டிப் பெட்டிகளை இறுக்கும் வேலைக்குப் போகலாம்.

கம்பி வேலையில் அண்ணாந்து பார்த்தே கழுத்து ஒடியும். அவருடைய கழுத்து அதில் ஒரு மாசம்கூடத் தாங்காது என்று டாக்டர் முன்னமே கை விரித்திருந்தார்.

அவ்வளவுதான், ஐ.நா. பொங்கி எழுந்தார். "திரையைப் பாத்து பெட்டி இறக்குறதும் ஒண்ணுதான், திரையைப் பாத்து குண்டு இறக்குறதும் ஒண்ணுதான். இப்படித்தான் உலகமே நாசமாப் போச்சு!" என்று சாப்பாட்டு அறையில் முழங்கிவிட்டு, உள்ளே நெருப்பை வைத்துக்கொண்டே பயிற்சிக்குப் போனார்.

போய் உட்கார்ந்தார். நாற்காலி அவரை ஏந்திக்கொண்டது. திரை கண்ணுக்கு நேராக இருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் முதல் முறையாகக் கழுத்து நிமிர்ந்து நிற்க, கையில் குச்சியைப் பிடித்தார். மணிக்கணக்காக உட்கார்ந்தும் ஒரு வலி இல்லை!

வெளியே வந்தவர் வேறு ஆள். "டேய் மச்சான், டெக்னாலஜின்னா இதுடா! இதைப் போய் இத்தனை நாள் எவன்டா எதிர்த்தான்?"

"நீங்கதான் மாமா. காலையிலதான்."

அன்றிலிருந்து அந்த நாற்காலி மேல் அவருக்கு அப்படி ஒரு ஆசை. தூக்கத்தில்கூடக் கை குச்சியைத் திருகியது.

ஆனால் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நிஜக் கிரேனில் தண்ணீர் தளும்பாமல் வைப்பதுபோல் பெட்டி வைக்கிறவர், திரையில் ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் தள்ளி இறக்கினார். கடைசி நொடியில் திருத்தப் போய்ப் பக்கத்துப் பெட்டியில் இடிப்பார். திரை சிவந்து கத்தும். பயிற்சி கொடுத்த அம்மா பொறுமைசாலி. "பதற்றப்படாதீங்க சார்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் பதற்றம் இன்னும் இரண்டு மடங்கானது. மற்ற டிரைவர்களுக்கும் இதே கதிதான். திரை சரியில்லை என்றான் ஒருவன், கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்றான் இன்னொருவன். ஐ.நா., குச்சி எந்த நாட்டில் செய்தது என்று திருப்பிப் பார்த்து, அந்த நாட்டின் மேல் ஒரு கண்டனத் தீர்மானமே போட்டார்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். மனைவி முயலோடு இருந்தாள்.

"என்னங்க, இன்னிக்கும் இடியா?"

"இடிதான். காலையில தரைப் பக்கம் தள்ளிப் போச்சு. சாயங்காலம் கடல் பக்கம் தள்ளிப் போச்சு. ஒரே பக்கமா போனாலாவது ஒரு நியாயம் இருக்கு."

அவள் விரல் நின்றது. முயல் தண்ணீரில் விழுந்தது. அதை அவள் சட்டைசெய்யவில்லை என்பதே வீட்டில் பெரிய செய்தி.

"திருப்பிச் சொல்லுங்க. தினமும் அப்படியா? காலையில ஒரு பக்கம், சாயங்காலம் ஒரு பக்கமா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இந்தாங்க, பிடிங்க." போனைத் திணித்தாள். "தாவுங்க."

"ஏம்மா, நானே வெந்து போயிருக்கேன்..."

"தாவுங்கன்னு சொல்றேன்ல!"

தாவினார். முயல் பலகைக்குப் பக்கத்தில் தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. மறுபடி தாவினார். மறுபடி தொப். ஐந்தாறு முயல் செத்தபிறகு அவள் சோபாவிலேயே துள்ளி எழுந்துவிட்டாள்.

"பாத்தீங்களா? எல்லாம் ஒரே பக்கம்! முயலுக்குக் கீழ கறுப்பா ஒரு நிழல் வருதே, அதைப் பாத்துத்தானே தாவுறீங்க?"

"நிழலைப் பாக்காம எப்படி இறக்குறது? தொழிலே அதுதானே!"

தொழிலே அதுதான். கடல் கிழக்கே. காலையில் சூரியன் கடல் பக்கமிருந்து அடிக்கும், தொங்கும் பெட்டியின் நிழல் தரைப் பக்கம் தள்ளி விழும். சாயங்காலம் நேர்மாறு. எந்த நேரத்தில் நிழல் எவ்வளவு தள்ளி விழும், பெட்டி இறங்க இறங்க அது எப்படி ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அவர் யோசித்துச் செய்கிற காரியமில்லை. கையே பார்த்துக்கொள்ளும்.

"அங்கதாங்க கோட்டை விடுறீங்க! கேம்ல ஏதுங்க காலையும் சாயங்காலமும்? உங்க கம்ப்யூட்டர் கிரேனும் கேம்தானே! சூரியன் எப்பவும் உச்சந்தலைலதான். நிழல் நேரா அடியிலதான் விழும். நிழல் எங்கயோ, முயல் அங்க. நீங்க என்னடான்னா இல்லாத வெயிலுக்கு ஒதுக்கி ஒதுக்கி இறக்குறீங்க!"

அவர் வாய் திறந்தது. கருத்து எதுவும் வரவில்லை. கல்யாணமாகி இப்படி நடப்பது இதுதான் முதல் தடவை.

பிறகு போனைப் பிடித்தார். நிழலைப் பலகை மேல் வைத்தார். விட்டார். முயல் பலகையின் நட்டநடுவில் உட்கார்ந்தது.

"ஏய்!" என்று கத்தினார். அடுத்த பலகை. "ஏய், ஏய்!" பத்துப் பலகை தாண்டினார். இருபது தாண்டினார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். இவர் பதிலுக்குத் தட்டினார். சாப்பாடு ஆறிப்போய்க் காத்துக் கிடக்க, புருஷனும் பெண்டாட்டியும் போனை மாற்றி மாற்றிப் பிடுங்கிக்கொண்டு முயலை விரட்டினார்கள்.

கடைசியில் அவள் சுட்டுவிரலை நீட்டினாள். "ஒண்ணே ஒண்ணு. இதை நாளைக்கு யார்கிட்டயும் உளறாதீங்க. இருக்கறதே எட்டு நாற்காலி. உங்க வாய் எனக்குத் தெரியும்."

"சீச்சீ, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

தேர்வு நாள். நடைவழியில் டிரைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இவருடைய முறை கடைசி. துணைக்கு வந்த மச்சான் பக்கத்திலேயே காவலுக்கு நின்றான். அக்கா உத்தரவு.

எதிரே கடப்பாரை உட்கார்ந்திருந்தார். இரும்பு மாதிரி உடம்பு, அதனால் அந்தப் பெயர். கிரேனில் ஐ.நா.வுக்கும் மூத்தவர். அந்த உடம்பே இன்று தொய்ந்து போயிருந்தது. "எனக்கு இது வராதுப்பா" என்றார். "காலையில இந்தப் பக்கம் போகுது, சாயங்காலம் அந்தப் பக்கம் போகுது. மெஷின்ல ஏதோ பேய் இருக்கு."

"எனக்கும் அப்படித்தான்" என்றது இன்னொரு குரல். "எனக்கும்" என்றது மூன்றாவது.

ஐ.நா. உதட்டைக் கடித்தார். கூரையைப் பார்த்தார். தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருப்பது, அவருக்கு, வந்த தும்மலை அடக்குகிற மாதிரி. முகம் சிவந்தது. கால் ஆடியது.

"மாமா" என்று மச்சான் காதோரம் எச்சரித்தான். "தண்ணி குடிங்க. தண்ணி குடிங்க மாமா."

"பேயும் இல்லை பிசாசும் இல்லை!" எழுந்தே விட்டார். "சூரியன்யா! அதுக்குள்ள சூரியன் நகர்றதே இல்லை! நிழல் நேரா கீழதான் விழுது. நாமதான் பழக்க தோஷத்துல வெயிலுக்கு ஒதுக்குறோம். ஒதுக்காதீங்க! நிழலை எங்க வைக்கிறீங்களோ பெட்டி அங்கதான்!"

கடப்பாரை தன் தொடையில் படாரென்று ஓர் அடி அடித்தார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள், காற்றிலே கையால் பெட்டி இறக்கிப் பார்த்தார்கள். அவர் போட்ட தீர்மானங்களில் உடனே அமலுக்கு வந்தது இது ஒன்றுதான். மச்சான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் ஐ.நா. ஒரு விரலை மடக்கினார். என்ன காரியம் பண்ணித் தொலைத்தேன் என்பது அவருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. கம்பி, அண்ணாந்த கழுத்து, டாக்டரின் விரிந்த கை எல்லாம் கண் முன்னால் வந்தன.

அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். நிஜப் பெயர். தன்னைத்தான் என்று புரியவே அவருக்கு ஒரு நிமிஷம் ஆனது.

நாற்காலி. குச்சி. முதல் பெட்டி மேலே தொங்கியது. கை, பழக்க தோஷத்தில், தரைப் பக்கம் நகர்ந்தது. "உச்சந்தலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கையை இழுத்து வந்தார். நிழலை லாரி மேல் வைத்தார். இறக்கினார். சத்தமே இல்லை. திரை பச்சையானது.

"உச்சந்தலை!" இரண்டாவது. பச்சை. "உச்சந்தலை!" மூன்றாவது. நடுவில் ஒன்று லேசாக உரசியது, திரை சிவந்து அடங்கியது. பிறகு கை பிடித்துக்கொண்டது. பெட்டிகள் பூ மாதிரி இறங்கின. நாலைந்து நாட்டுப் பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அவர் அடுக்க அடுக்க, கண்காணித்த அம்மா, "சார், கத்தாதீங்க சார், பக்கத்து அறையில மீட்டிங்" என்றார். தான் கத்துவது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

மதியம் பட்டியலை ஒட்டினார்கள். மச்சான் கூட்டத்தில் புகுந்து மேலிருந்து படித்தான். முதல் இடம் கடப்பாரை. இரண்டாவது வேறொருவர். மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் நடைவழியில் காது கொடுத்தவர்கள். ஆறு இல்லை. ஏழு இல்லை. ஐ.நா. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா!" மச்சானின் குரல் உடைந்தது. "எட்டு! எட்டு நீங்க!"

கடப்பாரை அவரை அப்படியே இடுப்போடு தூக்கிவிட்டார். கழுத்து வலிக்கிறது இறக்கு என்று இவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. இறங்கியதும் முதல் வேலையாக மனைவியைப் போனில் கூப்பிட்டார்.

"கிடைச்சுதா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"கிடைச்சுது! நாற்காலி நமக்குத்தான்!"

அந்தப் பக்கம் ஒரு கூச்சல். பிறகு மூச்சு வாங்கும் சத்தம். பிறகு, "எத்தனையாவது?"

"எட்டு."

"எட்டா? நேத்து ஆடின ஆட்டத்துக்கு ஒண்ணாவதா வந்திருக்கணுமே..." குரல் மெல்லத் தாழ்ந்தது. "சொல்லிட்டீங்க."

அவர் பட்டியலைப் படிப்பதுபோல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எத்தனை பேர்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். திட்டு வரப்போகிறது என்று அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"சரி, சொன்னதுதான் சொன்னீங்க. யார் கண்டுபிடிச்சதுன்னு சொன்னீங்களா?"

அவர் யோசித்தார். வியர்த்தது. "அவசரத்துல..."

"போய்ச் சொல்லுங்க. இப்பவே. நான் போனை வைக்க மாட்டேன். என் காதுல விழணும்."

அவர் போனை மைக் மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே போய் நின்று தொண்டையைக் கனைத்தார். எல்லோரும் திரும்பினார்கள். மச்சான் மட்டும் போனைப் பார்த்து, "அக்கா லைன்லயா?" என்று கேட்டுவிட்டு, அவசர அவசரமாகச் சட்டையைப் பேன்ட்டுக்குள் செருகினான்.