பின்தொடை வலி

போன சீசனில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. உப்பு வாரும் பலகையை இழுத்த இழுப்பில், பாத்திக்குள் குனிந்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு, கூடை சுமக்கும் வேலை செய்துவந்த என் மனைவிதான் என் பாத்திகளையும் வாரினாள். வாரி முடித்து, வாரிய உப்பைக் கூடையில் சுமந்தும் கொட்டினாள். நான் வீட்டில் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து "வலிக்குதா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க அவள்மீது எரிந்து விழுவேன்.

காலில் பலம் ஏற்றினால் இடுப்பு தப்பிக்கும் என்றார் டாக்டர். மழைக்காலத்தில் மரக்காணத்து உப்பளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும், வேலை இருக்காது. ஈ.சி.ஆரில் உரக்கடைக்கு மாடியில் இருந்த ஜிம்மில் சேர்ந்தேன். நாற்பதை நெருங்குகிறவன் ஜிம்முக்குப் போனால் ஊர் சும்மா விடுமா? டீக்கடையில் இரண்டாம் கல்யாணம் எப்போது என்று விசாரித்தார்கள். என் மனைவியிடமே விசாரித்தார்கள். பொண்ணு கிடைத்தால் சொல்கிறேன் என்று அவளும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஜிம் மாஸ்டர் என்னைவிடச் சின்னவர், அண்ணா அண்ணா என்றபடியே உயிரை எடுப்பவர். ருமேனியன் டெட்லிஃப்ட் என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். ருமேனியா எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. முட்டியை லேசாகத் தளர்த்தி, முதுகை நேராக வைத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே, எடை மாட்டிய கம்பியைத் தொடையோடு உரசினாற்போல் இறக்க வேண்டும். பின்தொடை விண்ணென்று இழுக்க வேண்டும். எனக்கு இழுத்ததெல்லாம் இடுப்புதான். கம்பி முன்னால் போகிறது, முன்னால் போகிறது என்று மாஸ்டர் கத்துவார். ஏன் போகிறது என்று அவருக்கும் பிடிபடவில்லை, எனக்கும் பிடிபடவில்லை. எடையைக் கழற்றி வெறும் கம்பியைக் கொடுத்தார். அதற்கும் இடுப்பு முனகியது.

இனிமேல் போகமாட்டேன் என்று வீட்டில் அறிவித்தேன். என்ன கண்றாவி செய்கிறாய் என்று நானே வந்து பார்க்கிறேன் என்று அவள் ஒரு சாயங்காலம் கிளம்பி வந்தாள். அன்றைக்குப் பார்த்து ஷூ கடித்தது, கழற்றிப் போட்டிருந்தேன். வீடியோ எடுக்கச் சொல்லி போனைக் கொடுத்தால், அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு என் காலையே பார்த்தாள்.

"யோவ், நீ இன்னா பாத்தியில நிக்கிற மாதிரி நிக்கிற?"

குனிந்து பார்த்தேன். கால்விரல்கள் ரப்பர் பாயைக் கவ்விக்கொண்டிருந்தன. குதிகால் தரையில் பட்டும் படாமல் இருந்தது. பாத்தியில் அப்படித்தான் நிற்க வேண்டும். குதிகாலை ஊன்றினால், மிதித்து மிதித்துக் கெட்டியாக்கிய களிமண் தளம் உடைந்து உப்பில் சேறு ஏறிவிடும். உப்பளத்தில் இறங்கிய நாளிலிருந்து விரலால் நடந்தே பழகிய கால், ஜிம்மிலும் அதே வேலையைச் செய்திருக்கிறது. உடம்பு முன்னால் சாய, கம்பியும் முன்னால் போக, பாரம் முழுக்க இடுப்பில் இறங்கியிருக்கிறது. ஷூவுக்குள் நடந்த இந்தக் கூத்து மாஸ்டருக்கு எப்படித் தெரியும்?

மாஸ்டர் என் முன்பாதத்துக்கு அடியில் ஒரு சின்ன இரும்புத் தட்டை வைத்து, குதிகாலில் நின்றே தீர வேண்டிய நிலைமையை உண்டாக்கினார். கம்பியை இறக்கினேன். பின்தொடை இரண்டும் விண்ணென்று இழுத்தன. அந்த வலியில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

பொங்கலுக்குப் பிறகு பாத்தி மிதிக்கும் வேலை ஆரம்பித்தது. புதுப் பழக்கத்தின் ஜோரில் குதிகாலை அழுத்தி ஊன்றி நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பாத்தி முழுக்கக் குழி.

"ஏம்பா, பாத்தியில மாட்ட ஓட்டுனியா?" என்றார் உப்பள முதலாளி.

மறுபடி மிதித்தேன். பாத்தியில் விரல், ஜிம்மில் குதிகால், குனிவது மட்டும் இரண்டு இடத்திலும் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி என்று என் காலோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன்.

முதல் உப்பு வாரும் நாளில் அவள் கூடையோடு இன்னொரு பலகையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். என் இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டால் அவளே இறங்கி வாருவதற்கு. பலகையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. போன சீசனை நினைத்ததும் அது அடங்கிவிட்டது. பாத்தியில் இறங்கினேன். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முதுகை மடக்காமல் இழுத்தேன். ஒரு பாத்தி முடிந்து அடுத்ததும் முடிந்தது. வெயில் ஏறியபோது வரப்பில் ஏறிக் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன்.

அவள் எழுந்து வந்துவிட்டாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது. பின்தொடையில."

"இடுப்புல?"

"இல்ல."

நம்பாமல் இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை சொன்னேன். பிறகு அந்தப் பலகையைக் கொண்டுபோய்க் கொட்டகையில் சாத்திவிட்டு, தலையில் சும்மாட்டை வைத்து, தன் கூடையை எடுத்தாள்.