நீலமாகிப் போன வீடு

என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயதுக்கு மேல் படம் வரையக் கிளம்பினேன். நான் வரையும் மாட்டைக் கட்டில் என்று நினைத்து யாராவது உட்கார்ந்தாலும் உட்காருவார்கள்.

படப்பையில் தனியாக இருக்கிறேன். நேற்று வேட்டிக்கு நீலம் போட்டேன். பக்கெட்டில் அது கரைந்ததும் சேரப்பணஞ்சேரியில் நாங்கள் இருந்த வீடு கண்ணில் வந்து நின்றது. இப்போது அந்த இடத்தில் கம்பெனி லாரிகள் நிற்கின்றன.

1981 பொங்கலுக்கு அப்பா சுண்ணாம்பு அடித்தார். வெள்ளை பளிச்சென்று தெரிய ஒரு சிட்டிகை நீலம் போதும். அவர் பொட்டலத்தையே கொட்டிவிட்டார். அடிக்க அடிக்க வீடே நீலமாகிவிட்டது.

"இன்னாய்யா, வூட்டைக் காணோம், வானம்தான் கீது?" என்றாள் அம்மா. அப்பா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பிரஷ் ஆடி, அவர் மீசையிலும் நீலம் தெறித்தது.

அதை அப்படியே வரைந்தேன். ஏணி மேல் அப்பா, வாசலில் அம்மா, டவுசரைப் பிடித்துக்கொண்டு நான். அந்த வீட்டில் வாழ்ந்தவர்களில் என்னைத் தவிர மிச்சம், ஓசூரில் இருக்கும் அக்கா மட்டும்தான். அவளும் ஆமாம் என்று சொல்லாவிட்டால் அப்படி ஒரு வீடு இருந்ததற்குச் சாட்சியே இல்லை. போனில் படத்தை அனுப்பி, "நம்ம வூடுதானே அக்கா?" என்று கேட்டேன்.

பதில் வந்தது.

"ஏணியைப் புடிச்சிகினு இருந்த நான் எங்கடா?"